இருபத்திரண்டாவது நிமிடம்

அந்த லேப்டாப் இருபத்திரண்டு நிமிடம் உயிரோடு இருக்கும். அதற்குள் அடிப்பாகம் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். உள்ளே இருக்கிற விசிறி ஒருமுறை உரக்கக் கத்தும், திரை கறுப்பாகும், அவ்வளவுதான். பிறகு ஒரு மணி நேரம் ஆறினால்தான் மறுபடி எழும்பும்.

என் வேலைக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. முத்தையாபுரம் பக்கம் உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் லாரிகளின் எடையைப் பதிந்து சீட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் நேரம் கிடக்கும். லேப்டாப் அணைந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு, ஆறியதும் ஏற்றிவிடுவேன். மேசை கிடையாது. உப்பு மூட்டை மேல் வைத்துத்தான் இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரை விட்டுப் போனவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் கேன்டீன், மஸ்கட்டில் குடோன், மறுபடி மும்பை. எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் நின்றதில்லை. அந்த லேப்டாப் மும்பையிலிருந்து தன் ஊருக்குத் திரும்பிய ஒருவர் என்னிடம் விட்டுப்போனது. என்னோடு சுற்றிய பொருட்களில் செருப்பைவிட அதிக நாள் தாங்கியது அது ஒன்றுதான்.

திரேஸ்புரத்தில் என் தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தேன். அவள் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டுக்காரன் சங்கு குளிக்கிறவன். படகில் ஒரு கம்பரசர் ஓடும். அதிலிருந்து இறங்குகிற ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் கிடந்து சங்கு எடுக்கிற வேலை. முந்தின வருடம் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று. மூன்று மாதத்தில் எழுந்து நடந்தான், ஆனால் இடது காலை இழுத்துத்தான் வைப்பான். ஒரு காதும் கேட்காமல் போனது. இனி கடலுக்கு அடியில் போனால் திரும்ப மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் கம்பரசரைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று தங்கச்சிக்குத் தெரிந்தது. நேர்முகத்தில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஓர் ஆங்கிலத் தேர்வு. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எழுபத்தைந்து நிமிடம். கேமரா முழு நேரமும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, கதவையும் சன்னலையும் சாத்தியிருக்க வேண்டும், நடுவில் கதவு திறந்தால் தேர்வு ரத்து. இணைப்பு அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அதுவும் ரத்து. அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று ஏஜெண்டுக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் லேப்டாப்பில் அவளைப் பதிவு செய்தோம். கேமரா, மைக் எல்லாம் சரிதானா என்று பத்து நிமிடம் ஒரு சோதனை ஓடியது. தேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைத் தங்கச்சி படித்தாள். எந்தக் கம்ப்யூட்டரில் சோதனை ஓட்டினோமோ அதிலேயேதான் தேர்வும் எழுத வேண்டும்.

"அண்ணே, இது எம்புட்டு நேரம் ஓடும்?" என்று கேட்டாள்.

ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அவளே அன்று மத்தியானம் கேமராவைப் போட்டு வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். சிமெண்ட் ஷீட் போட்ட கூரை. கதவையும் சன்னலையும் சாத்தினால் அந்த அறை அடுப்பு. இருபத்திரண்டாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு.

முதலில் டேபிள் ஃபேனை வைத்துப் பார்த்தோம். வெந்த காற்றைத்தான் அது திருப்பி வீசியது. இருபத்தாறு நிமிடம். பிறகு அடியில் காற்றுப் போகட்டும் என்று நான்கு மூலைக்கும் நான்கு சின்னச் சங்கை முட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டில் செங்கல் கிடைக்காது, சங்கு கிடைக்கும். முப்பத்தொன்று. ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் தங்கச்சி நோட்டில் நிமிடத்தை எழுதுவாள், எழுந்து போய்விடுவாள். எழுபத்தைந்தில் பாதியைக்கூட நாங்கள் தாண்டவில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்காரன் இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவள் போவதைப் பற்றி நல்லது கெட்டது என்று அவன் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. வாசலில் உட்கார்ந்து கம்பரசர் வால்வைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

ஐந்தாம் நாள்தான் அந்தத் தப்பைச் செய்தேன். சூடாகிறதைக் குளிர வை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது ஐஸ்தான். மீன் பெட்டிக்கு ஐஸை உடைத்து உப்புப் போட்டுக் கலப்பார்கள். உப்பு சேர்ந்தால் குளிர்ச்சி கூடும். அதையே செய்தேன். கரையிலிருந்து ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்து, கிட்டங்கி உப்பைக் கலந்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஒரு தட்டத்தில் வைத்து, அதன் மேல் சங்கு, சங்கு மேல் லேப்டாப்.

எழுபத்தைந்து நிமிடமும் ஓடியது. எண்பதும் ஓடியது. தங்கச்சி கையைத் தட்டிச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அண்ணே, நீ பத்தாங்கிளாஸ் போயிருந்தா கலெக்டரா ஆயிருப்ப."

"கலெக்டருக்கு ஐஸ் ஒடைக்கத் தெரியாதுளா."

லேப்டாப்பைத் தூக்கியபோது அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. துண்டால் துடைத்து வைத்தேன். அந்த வேர்வை உள்ளேயும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏ, எஸ், டி மூன்று எழுத்தும் விழவில்லை. தங்கச்சி திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நர்ஸுன்னு எழுதவே எஸ் வேணுமே அண்ணே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள். தேர்வு நாளை மறுநாள்.

நான் லேப்டாப்போடு பஸ் ஏறி டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஐஸ் வச்சியளா?"

"ஆமா."

"உப்பும் போட்டு?"

"ஆமா."

"லேப்டாப்பு என்னவே, நெய்மீனா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வைத்துவிட்டுப் போ, நாலு நாள் ஆகும் என்றார். நாலு நாள் என்னிடம் இல்லை. உள்ளே பிரித்தால் தடவ வேண்டிய பசை ஒன்றைச் சின்ன ஊசிக்குழாயில் தந்தார். நட்சத்திர முனை வைத்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் தந்தார். "பிரிச்சா பொறவு சேக்கத் தெரியணும், அத யோசிச்சுக்கிடும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை ஓடவிட்டு, பிரிப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரித்து உடைந்தால் இருந்த முப்பத்தொரு நிமிடமும் போய்விடும். அப்போதுதான் அவள் வீட்டுக்காரன் காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"மச்சான், இது காத்த எங்கன இழுக்கு, எங்கன விடுது?"

அடியில் இருந்த ஓட்டைகளையும் பின்பக்கத்துப் பிளவையும் காட்டினேன். அவன் லேப்டாப்பைத் தூக்கி அந்தப் பிளவைத் தன் கன்னத்தில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். சங்கு குளிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீரில் இறங்குவதற்கு முன் குழாய் முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காற்று ஒரே சீராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று கன்னம் சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் இறங்கியவனை நான் கண்டதில்லை.

"இது மூச்சே விடலியே" என்றான். "விசிறி சத்தந்தான் போடுது. காத்து வரல. மூக்க அடச்சுப்போட்டு மேலுக்கு ஐஸ் வச்சிருக்க நீ."

பதினோரு ஸ்க்ரூ. பத்து வந்துவிட்டது. ஒன்று துருப்பிடித்துத் தலை மழுங்கிக் கிடந்தது. அவன் ரம்பத் தகட்டின் ஓர் ஓரத்தால் அதன் தலையில் கோடு கிழித்தான். கிழித்துத் திருப்பும்போது கை வழுக்கி, தகடு அடிப்பலகையில் இழுத்துக்கொண்டு போனது. ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"வேணும்னே செய்யுதியா?"

அவன் கையை நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் தனியாக இருப்பான்.

"அடியில ஒரு ஆளு கெடக்கும்போது மேல நிக்கவன் குழாய மிதிக்க மாட்டான் மச்சான். அவன் எம்புட்டுப் பெரிய எதிரியா இருந்தாலும் சரி" என்றான். பிறகு தகட்டை மறுபடி எடுத்துக் கோட்டில் வைத்தான். ஸ்க்ரூ திரும்பியது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூடியை எடுத்ததும் காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. விசிறி காற்றைத் தள்ளுகிற வாயில், ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். தூசியும் நூலும் சேர்ந்து இறுகிக் கம்பளி மாதிரி இருந்தது. அவன் அதை நகத்தால் உரித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கசக்கினால் நறநறவென்றது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன். கரித்தது. இரண்டு வருடம் உப்பு மூட்டை மேல் உட்கார வைத்து நானே ஊட்டியது.

"கம்பரசர் ஃபில்டர்ல இதுல கால்வாசி இருந்தாலே நாங்க எறங்க மாட்டோம்" என்றான் அவன்.

அதன் பிறகு அவன் செய்தான், நான் பிடித்துக்கொண்டேன். பெயிண்ட் பிரஷ்ஷால் விசிறியின் ஒவ்வோர் இதழாகத் துடைத்தான். காய்ந்து பொருக்காகிப்போன பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பசையைத் தடவினான். தங்கச்சி டூட்டி முடிந்து வந்தவள் எங்களைப் பார்த்தாள், துண்டு துண்டாகக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, ஊசி போடுறதுக்கு முன்ன தடவுவிய, அந்த ஸ்பிரிட் வீட்டுல இருக்கா?" என்று கேட்டான் அவன்.

கொண்டுவந்து கொடுத்தாள். எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் அவளே பஞ்சை நனைத்துத் துடைத்தாள், புண்ணைத் துடைக்கிற மாதிரி நடுவிலிருந்து வெளியே. மறுநாள் முழுக்க உலர விட்டோம். சாயங்காலம் பூட்டி ஒத்திகை ஓட்டினோம். எழுபத்தைந்து நிமிடம் தாண்டியது. ஏ விழுந்தது, டி விழுந்தது. எஸ் மட்டும் சும்மா தொட்டால் விழாது, குத்தினால் விழும்.

ஆனால் அது சாயங்காலம். தேர்வு மத்தியான வெயிலில்.

தேர்வன்று கச்சான் காற்று. மேற்கிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு கொதிக்கக் கொதிக்க வீசும். அறையில் மேசையைக் கிழக்குச் சன்னலை ஒட்டிப் போட்டோம். சன்னலை மரப்பலகையால் சாத்தினாலும் கீழே ஒரு விரல் இடைவெளி உண்டு. லேப்டாப்பின் பின்பக்கத்துப் பிளவு அந்த இடைவெளியைப் பார்த்த மாதிரி வைக்கச் சொன்னான் அவன். விடுகிற மூச்சு வெளியே போகட்டும் என்றான். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தங்கச்சி கதவைச் சாத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே, கதவுக்கு இந்தப்பக்கம், தரையில்.

லேப்டாப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. மேற்பார்வை பார்க்கிறவள். கேன்டீன்களில் பொறுக்கிய ஆங்கிலத்தில் எனக்குப் பாதி புரிந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். சுவரில் இருந்த மாதா படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள். பிறகு, லேப்டாப்புக்குக் கீழே என்ன என்று கேட்டாள்.

தங்கச்சி, "ஷெல்" என்றாள். "ஷெல். சீ."

ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே காட்டச் சொன்னாள் அந்தப் பெண். நான்கு சங்கும் கேமராவுக்கு முன்னால் போய் வருவதை நாங்கள் சத்தத்தில் கேட்டோம். மேசையில் டொக், டொக். காகிதம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, வைத்துக்கொள் என்றாள். தேர்வு தொடங்கியது.

என் செல்லில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கதவுப்பக்கம் இருந்தது கேட்காத காது.

"சத்தம் வருதா மச்சான்?"

"வருது. எழுதுதா."

தட்டச்சின் மெல்லிய சத்தத்துக்கு நடுவே திடீர் திடீரென்று ஒரு குத்து விழும். அது எஸ். ஒரு குத்து விழுந்தால் லேப்டாப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இருபதாவது நிமிடத்திலிருந்து செல்லைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். இருபத்தொன்று. இருபத்திரண்டு. குத்து விழுந்தது. இருபத்திரண்டு முடிவதற்குள் இன்னொன்று. அவனிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

முப்பது. நாற்பது. கூரை ஷீட்டு சூட்டில் படபடவென்றது. கச்சான் காற்று தகரக் கதவுகளை எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் குத்துச் சத்தம் நின்றது.

ஒரு நிமிடம் பொறுத்தேன். இரண்டு. தட்டச்சுச் சத்தமும் இல்லை. கதவில் காதை ஒட்டினேன். காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன?" என்றான் அவன், என் முகத்தைப் பார்த்து.

"சத்தம் இல்ல."

அவன் எழுந்துவிட்டான். கை கொண்டியில் இருந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொறந்தா போச்சு."

"உள்ள அது செத்துக் கெடந்தா? அஞ்சு நிமிசந்தான இருக்கு?"

"செத்திருந்தா அவளே வந்திருப்பாளே."

"அவ வர மாட்டா. எழும்பும் எழும்பும்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பா."

அது உண்மை. அவளை அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்றாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அணைந்திருந்தால், ஐஸ் ஒத்தடமோ எதுவோ, ஏதாவது செய்ய இரண்டு நிமிடம் மிச்சம். அணையாமல் இருந்து நாங்கள் திறந்தால், நாங்களே கெடுத்தவர்கள் ஆவோம். அவன் கை கொண்டியை விடவில்லை. என் கை அவன் கையை விடவில்லை.

சட்டென்று அவன் கையை உருவிக்கொண்டான். வாசலில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். அவன் ஓடி நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பின்னால் நானும் போனேன். கிழக்குச் சுவர் ஓரத்தில் கச்சான் காற்று விழவில்லை. அவன் சன்னலுக்குக் கீழே முட்டிபோட்டு, இரண்டு கையையும் முகத்துக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, அந்த விரல் அகல இடைவெளியில் கன்னத்தை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

நான் அவன் பக்கத்தில் குனிந்தேன்.

"வருது" என்றான், உதட்டை மட்டும் அசைத்து. "ஒரே சீரா வருது."

அப்படியே இருந்தான். நான் வா என்று சைகை காட்டினேன், வரவில்லை. நான்தான் கதவுக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சுவர் கொதித்தது. முட்டிக்குக் கீழே மணல் கொதித்தது. மிச்சம் இருந்த இருபத்து நான்கு நிமிடமும் கன்னத்தை எடுக்கவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் உள்ளே மறுபடி குத்துச் சத்தம் கேட்கத் தொடங்கியபோதும் எடுக்கவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து "எங்க அவுக?" என்று கேட்ட பிறகுதான் நான் போய் அவனைத் தொட்டேன். எழுந்திருக்க என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. கன்னம் ஒரு பக்கம் சிவந்து கிடந்தது.

"நடுவுல ஏன்ளா அடிக்கவே இல்ல?" என்று கேட்டேன்.

"அது வாசிச்சுப் பாத்து டிக் போடுத பகுதில்லா" என்றாள். எங்களிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தேறினாள். கார்த்திகையில் விமானம் ஏறினாள். நானும் கொஞ்ச நாளில் கிட்டங்கியை விட்டுவிட்டேன். இப்போது இருக்கிற ஊரிலும் எவ்வளவு நாள் என்று தெரியாது. லேப்டாப்பைத் திரேஸ்புரத்திலேயே விட்டுவந்தேன். போன மாதம் போயிருந்தபோது வெள்ளிக்கிழமை. அவளுக்கு வார விடுமுறை, வீடியோவில் வருகிற நாள். அவன் மேசையைத் துடைத்து, நான்கு சங்கையும் வைத்து, லேப்டாப்பைப் போட்டான். விசிறி சுற்றத் தொடங்கியதும் அதைத் தூக்கிப் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். திருப்தியானதும் சங்குகள் மேல் இறக்கி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.